அக்குறணைக்கு வந்த லாப்ரடோர்

என் சின்ன வயதில் அக்குறணையில் ஒரு முஸ்லிம் வீட்டு முற்றத்திலும் நான் நாயைக் கண்டதில்லை. ஆடு இருக்கும், கோழி இருக்கும், சில வீடுகளில் மாடும் இருக்கும். பூனை அடுப்படி வரை வந்து போகும். நாய் மட்டும் பெருவீதிக்குச் சொந்தமானது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கடைகளின் பலகை வாங்குகளுக்கு அடியில், அது பிறந்து அங்கேயே செத்துப்போகும். ஆறாம் கட்டைக்கும் எட்டாம் கட்டைக்கும் இடையில் நெருக்கமாக அடுக்கிய நம் வீடுகளின் படியில் அது கால் வைத்தால் யாராவது கல்லை எடுப்பார்கள்.

மார்க்கம் சொன்னதை நாங்கள் ஓதப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். இந்த ஊர் மார்க்கச் சட்டப் பிரிவுகளில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊர். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் சேர்த்துக் கழுவ வேண்டும். நாய் இருக்கும் வீட்டுக்கு ரஹ்மத்துடைய மலக்குமார் வரமாட்டார்கள். வேட்டைக்கும், கால்நடைக்கும், பயிருக்கும் தவிர வேறு எதற்காகவும் நாய் வளர்ப்பவருடைய நன்மையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு குறைந்துபோகும். இதில் விலக்காக அனுமதித்த பகுதியை எங்களுக்கு யாரும் விரித்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை, ஏனென்றால் யாரும் நாய் கேட்கவில்லை.

பயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் மாமாவை ஒரு விசர் நாய் கடித்தது. கண்டி ஆஸ்பத்திரியில் அவருடைய வயிற்றில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் செத்திருக்கிறார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு இருபது முப்பதைச் சுற்றி நிற்கிறது. நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போட்டது அந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம். அன்றைய உம்மாமார் பிள்ளைகளை நாயிடமிருந்து இழுத்துப் பிடித்ததை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பயப்பட்ட நோய் உண்மையான நோய்.

ஆனால் வாப்பா கல் எடுத்ததில்லை. அவருடைய கடை வாங்குக்கு அடியில் ஒரு கட்டாக்காலி நாய் படுத்திருக்கும். காலையில் கடை திறந்ததும் அதற்காக வைத்திருந்த சிரட்டையில் தண்ணீர் ஊற்றுவார். பகலில் மீன் தலையைத் தாளில் சுற்றித் தள்ளி வைப்பார். கையால் ஒருநாளும் தொட்டதில்லை. "வாப்பா, நாய் நஜீஸ், அசுத்தம் எண்டு ஹஸ்ரத் சொன்னாரே" என்று நான் கேட்டபோது, "தண்ணி குடுக்கத் தொட வேணுமா மகள்?" என்றார். பிறகு ஒரு பழைய ஹதீஸைச் சொன்னார். தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்ட ஒரு மனிதர் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்து குடிக்கக் கொடுத்தார். அல்லாஹ் அவரை மன்னித்தான். குகைவாசிகளோடு வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைப் பற்றியும் வாப்பாதான் சொன்னார். அது குர்ஆனிலேயே, சூரத்துல் கஹ்ஃபில், இருக்கிறது. நஜீஸைக் கழுவிக்கொள்ளலாம், இரக்கம் இல்லாததை எதைக் கொண்டு கழுவுவது என்பது அவருடைய கேள்வி.

என் மகன் முதல் முதல் கிட்டத்தில் பார்த்த லாப்ரடோர் எங்கள் ஊருக்குப் பிரியத்தால் வந்ததல்ல. 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுக்கச் சோதனைகள் நடந்தன. மோப்ப நாய்களும் கூட வந்தன. கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்கள் பிரிவு இருப்பதை நாங்கள் அறிவோம். வெடிபொருளையும் போதைப்பொருளையும் மோப்பம் பிடிக்க உலகம் முழுவதும் அதிகமாகப் பழக்கும் இனங்களில் லாப்ரடோரும் ஒன்று. எங்கள் ஒழுங்கையில் பெரியவர்கள் எல்லோரும் கதவோரத்தில் வாய் பேசாமல் நின்ற அந்த நாளில், மஞ்சள் நிறத்து நாயொன்று தன் வேலையை முடித்துக்கொண்டு, வால் ஆட்டியபடி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போனது. எங்களுக்கு அந்த நாளில் வேதனைதான் மிச்சம். என் மகனுக்கு மட்டும் அந்த நாய் மிச்சமாக இருந்தது. "அது ஒன்டும் செய்யிறல்ல உம்மா, அது சிரிச்சிச்சு" என்று பல நாள் சொன்னான்.

2020 மார்ச் கடைசியில் கொவிட் காரணமாக அக்குறணையை முழுதாக மூடினார்கள். வீதியில் ஒரு வாகனம் இல்லை, பள்ளியில் ஜமாஅத் இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளை எந்நேரமும் நாயைப் பற்றியே பேசினான். ஊர் திறந்த பிறகும் அவன் விடவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு தொடங்கியது இப்படித்தான்.

முதல் நாய் வாங்குபவருக்கு லாப்ரடோர்தான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காரணங்கள் சரியானவை. மனிதரை நம்பும் இனம் அது. கற்றுக்கொடுத்தால் சீக்கிரம் பிடிக்கும். பழக்குபவர் தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1991 தொடக்கம் 2021 வரை, தொடர்ந்து 31 ஆண்டுகள், பதிவுகளில் முதலிடத்தில் இருந்த இனம் இதுதான். 2022இல்தான் பிரெஞ்ச் புல்டாக் அதை முந்தியது. ஆனால் யாருக்கு நல்லது, எந்த வீட்டில் நல்லது என்ற கேள்வியை எங்கள் ஊரில் எவரும் கேட்டு நான் காணவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாய் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் சுபாவம் விளங்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி, வலைக்கயிறு இழுத்து, தூண்டிலில் இருந்து நழுவிய மீனைக் கவ்விவந்த நாய்களின் வழிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் மீன் ஏற்றிய கப்பல்களோடு இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே மாம்ஸ்பரி பிரபு குடும்பத்தார் போன்றவர்கள் அதை வளர்த்து, சுட்டு விழுத்திய பறவையைக் காயப்படுத்தாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் பிரித்தானிய கெனல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. விரல்களுக்கு நடுவே சவ்வு, தண்ணீர் ஒட்டாத இரட்டை மயிர், அடியில் தடித்த வால், முட்டையைக்கூட உடைக்காமல் கவ்வும் மென்மையான வாய் எல்லாம் அந்த வேலைக்காக வந்தவை. தலைமுறை தலைமுறையாக மனிதனுடைய கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்த நாய் இது. அது தனியே இருக்கப் பழகியதில்லை.

எங்கள் வீட்டுக்கு நாய் எதற்கு என்ற கேள்விக்கு நாங்கள் நேராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் வேட்டைக்குப் போகிறவர்களல்லர். வீட்டுக் காவலுக்கு என்றால் லாப்ரடோர் பொருத்தமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா ஆஸ்பத்திரியில் நாங்கள் யோசனை கேட்ட டொக்டர் அதைத் தெளிவாகச் சொன்னார்: புதியவர் வந்தால் குரைக்கலாம், ஆனால் கடித்துத் தடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். எங்களிடம் வீட்டுக்குப் பின்னால் மிளகும் கராம்பும் சாதிக்காயும் நிற்கும் ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. குரங்கும் பன்றியும் முள்ளம்பன்றியும் அதில் விட்டுவைப்பது கொஞ்சம். பயிருக்காக நாய் வைப்பது ஹதீஸிலேயே அனுமதித்த காரியம் என்று மௌலவி சொன்னார். அந்த நிய்யத்தோடுதான் முடிவெடுத்தோம். குரங்கை விரட்ட லாப்ரடோர் போதும்.

சட்டத்தைச் சரியாக அறிந்ததும் வீட்டில் பாதிப் பயம் போய்விட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தைத்தான் ஏழு தடவை கழுவ வேண்டும். கையும் மயிரும் காய்ந்திருந்தால் தொட்டதால் நஜீஸ் ஒட்டாது. நாயைத் தொட்டதால் வுழூ முறிவதுமில்லை. மாலிகி மத்ஹபில் நாய் உயிரோடு இருக்கையில் சுத்தமான பிராணி. ஹனஃபி மத்ஹபில் பெரும்பான்மைக் கருத்து எச்சிலை மட்டுமே நஜீஸ் என்கிறது. எங்கள் மத்ஹபை விட்டு எங்கும் ஓட வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. பின் வாசல் குழாயடியில் செம்மண் நிறைத்த ஒரு வாளி வைத்தோம். நாயோடு இருக்கும்போது உடுக்க ஒவ்வொருவருக்கும் தனி உடுப்பு. தொழும் அறைப் பக்கம் நாய் வராதபடி ஓர் அரைக்கதவு. வீட்டில் உம்மும்மாவுக்கு இதெல்லாம் கண்ணால் கண்டபிறகே மனம் அமைதியானது.

குட்டியைத் தேடும்போது டொக்டர் சொன்னதை முதல் தடவை வாங்கும் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்கக் கூடாது. தாய் மனிதரைக் கண்டு பதுங்கினால் குட்டிகளும் அந்தப் பயத்தை எடுத்துவரும். எட்டு வாரம் ஆகாத குட்டியை எடுக்கக் கூடாது. கடிக்கும் அளவையும் பழகும் முறையையும் அது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் படிப்பது அந்த வாரங்களில்தான். வம்சக் காகிதம் இருந்தால் நல்லது, ஆனால் காகிதம் இடுப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. லாப்ரடோருக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பரம்பரையாகப் பிசகிப்போவது வழமையான நோய். தாய்க்கும் தகப்பனுக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படும் விற்பனைக்காரரை விட்டு வந்துவிட வேண்டும். நிறத்தைப் பார்த்துத் தெரிவு செய்வது வீண் வேலை. இங்கிலாந்தில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் சொக்லட் நிற லாப்ரடோர்கள் மற்ற நிறத்தவற்றைவிட ஒரு வருடத்துக்கு மேல் குறைவாக வாழ்ந்தன என்று கண்டார்கள். அந்த நிறத்துக்காகவே மீண்டும் மீண்டும் இனம் சேர்த்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

நாங்கள் எடுத்த குட்டி மஞ்சள். முன்னுக்கு ஓடி வந்து மற்றதைத் தள்ளிய குட்டியுமில்லை, மூலையில் ஒளிந்ததுமில்லை. மகன் லியோ என்று பெயர் வைத்தான்.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றி யாரும் நிறையச் சொல்வதில்லை. லாப்ரடோரின் உடம்பு ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும், புத்தி நிதானமாக இரண்டு மூன்று வருடம் எடுக்கும். இடையில் செருப்பு, கதிரைக்கால், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதன் வாய்க்குப் போகும். வளர்ந்த ஆண் நாய் 29 தொடக்கம் 36 கிலோ வரை வரும். அந்தப் பாரம் மேலே பாய்ந்தால் வயதான ஒருவர் விழுந்துவிடுவார். ஆகவே பாயாமல் இருக்கப் பழக்குவது குட்டிப் பருவத்திலேயே நடக்க வேண்டும். எங்களுக்கு அது இன்னும் அவசரமாக இருந்தது. மேலே பாயும் நாயும் முகத்தை நக்கும் நாயும் நம்முடைய வீடுகளில் ஒரு வாரம் தாங்காது. லியோ எங்களை நக்குவதற்குப் பதிலாக ஒரு துணிப்பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கப் பழகினான். கவ்வி வருவது அவன் இனத்தின் வேலை. அதைச் செய்ய இடம் கொடுத்ததும் நக்குவது குறைந்தது. இது எங்களுடைய பெரிய கண்டுபிடிப்பு என்று நான் உரிமை கேட்கவில்லை. ஆனால் ஷாஃபிஈ வீட்டில் லாப்ரடோர் வளர்ப்பது முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

என் கணவரும் மகனும் சுப்ஹு தொழுதுவிட்டு நாயோடு நடக்கப் போவார்கள், அஸருக்குப் பிறகு இன்னொரு தடவை. இரட்டை மயிர் உள்ள நாய்க்கு நம் பகல் வெயில் ஆகாது. தொழுகை நேரங்களும் நாயின் நேரங்களும் இப்படி ஒன்றாக அமைந்துவிட்டன. நீரல்லப் பக்கம் இறங்கும்போது முதலில் ஆட்கள் மதிலோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். கயிற்றைக் குறுகப் பிடித்து மற்றப் பக்கத்தால் போவதே மரியாதை. பள்ளிக்குப் போகும் ஒருவருடைய உடுப்பில் நம் நாயின் ஈரம் படவிடுவது பெரிய அநியாயம். அந்த மரியாதையைக் காப்பாற்றியதால்தான் இன்று அவர்கள் நின்று நலம் விசாரிக்கிறார்கள்.

சாப்பாட்டில்தான் ஊரின் அன்பு ஆபத்தாக வருகிறது. கல்யாண வீட்டில் சஹனில் மிஞ்சிய புரியாணியை நாய்க்கென்று கொண்டுவந்து தருவார்கள். அதில் வெங்காயம் இருக்கிறது, உலர் திராட்சை இருக்கிறது, இரண்டுமே நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தால் குர்பான் எலும்பும் கொழுப்பும் எல்லாத் திசையிலிருந்தும் வரும். லாப்ரடோர் வேண்டாம் என்று சொல்லாத நாய். அதற்குக் காரணமும் உண்டு: 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பசியோடு தொடர்புள்ள POMC என்ற மரபணுவில் ஒரு பகுதி காணாமற்போயிருப்பதை ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடோரில் கண்டார்கள். இன்னொரு நீண்ட ஆய்வில் 48 லாப்ரடோர்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. அன்புக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு பிடியும் நாயின் ஆயுளிலிருந்து போகிறது. இதை அயல் வீடுகளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நோய்களும் நம் மண்ணுக்குரியவை. உண்ணிக் காய்ச்சல் இங்கே நாய்களைக் கொல்கிறது. தோட்டத்தில் ஓடும் நாயின் காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி எல்லாவற்றையும் தினமும் பார்க்க வேண்டும். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதிக்குள் தண்ணீர் வரும். வெள்ளத்தோடு எலிக்காய்ச்சலும் வரும். அது நாய்க்கும் வரும், நாயிலிருந்து மனிதருக்கும் வரலாம். தண்ணீரைக் கண்டால் குதிக்கும் இனம் இது. அந்தக் கலங்கல் தண்ணீரில் இறங்க விடக்கூடாது, தடுப்பூசியையும் தவற விடக்கூடாது. 2022இல் டொலர் இல்லாத காலத்தில் பக்கெட் உணவும் மிருக மருந்தும் எட்டாத விலைக்குப் போயின. நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும், அதற்குள் நாடு எத்தனை நெருக்கடியைக் காணுமோ, அதையும் யோசித்துத்தான் குட்டியை எடுக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு சில வீடுகள். கொவிட்டுக்குப் பிறகு நம் ஊரிலும் அயல் ஊர்களிலும் லாப்ரடோர் குட்டிகள் வாங்கியவர்கள் உண்டு. பிள்ளை கேட்டது, வசதி இருந்தது, வாங்கினார்கள். குட்டி பெரிதானதும் எச்சில் வந்தது, மயிர் கொட்டியது, உம்மும்மா தொழ முடியாது என்றார். நாய் கொங்கிரீட் மாடிக்குப் போனது. அங்கே இரும்புக்கம்பிக் கூட்டில், வெயிலில் கொதிக்கும் சிலாப்பின் மேல், ஒரு வேலையாள் இரண்டு வேளை தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறார். யாரும் தொடுவதில்லை, யாரும் பேசுவதில்லை. இரவில் அது ஊளையிடும். அதைக் கேட்டு, ஷைத்தானைக் கண்டு ஊளையிடுகிறது என்கிறார்கள். அது மனிதரைக் காணாமல் ஊளையிடுகிறது.

அந்தக் காலத்தில் நாங்கள் நாயை வீட்டுக்கு வெளியே வைத்தோம். ஆனால் அதற்கு வீதி இருந்தது, இனம் இருந்தது, வாப்பாவைப் போன்றவர்கள் ஊற்றிய தண்ணீர் இருந்தது. அது எங்களை எதிர்பார்த்துப் பிறந்ததல்ல. இன்று மனிதருடைய பக்கத்தில் இருப்பதற்காகவே இருநூறு வருடமாக உருவாக்கிய ஒரு நாயைப் பணம் கொடுத்து வாங்கி, அதே தூரத்தில் கட்டி வைக்கிறோம். அந்தக் காலத்துத் தூரம் ஒரு சட்டத்தின்படி இருந்தது, இந்தத் தூரத்துக்கு எந்த மார்க்கத்திலும் ஆதாரம் கிடையாது. வளர்க்கும் மிருகத்தின் பசிக்கும் துன்பத்துக்கும் நாளை நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று நம்புகிற சமூகம் நாம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண்ணுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதையும் ஓதப் பள்ளியில் படித்திருக்கிறோம்.

ஆகவே என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். காலையும் மாலையும் நாயோடு நடக்க வீட்டில் ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டால், பிள்ளை அல்ல, பெரியவர். மண்ணும் தண்ணீரும் தனி உடுப்புமாகக் கழுவிக்கொள்ளும் சிரமத்தை வீட்டார் எல்லோரும் மனதார ஏற்றால். காலடி மண்ணில் நிற்க நாய்க்கு ஒரு துண்டு நிலமும் நிழலும் இருந்தால். வீட்டாரின் குரல் கேட்கும் தூரத்தில் அதன் இடம் இருந்தால், லாப்ரடோரை எடுங்கள். முதல் நாயாக அதைப்போலப் பொறுமையான துணை கிடைப்பது அரிது. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். பிள்ளை அழட்டும், ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

காவலுக்குத்தான் நாய் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கடைவாசலில் படுத்திருக்கும் நம் ஊர் நாய் இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகியது, இலேசில் நோயில் விழாது, அந்நியரை அடையாளம் காணும், காசு கேட்காது. 2006இலிருந்து கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசாங்கம் கொள்கையாகக் கைவிட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றை எடுத்து, கருத்தடை செய்வித்து, தோட்டத்தில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது.